ஆறு மாசம் ஏஜென்சி ரோல், அப்புறம் கம்பெனி ரோல்: ரைஸ் மில் லேப்ல ரெண்டு பக்கமும் இருந்து பார்த்தது

நம்ம பக்கம் வேலைன்னா ஒண்ணு கவர்மென்ட்டு, இல்லன்னா பெர்மனன்ட்டு, மத்ததெல்லாம் ஏமாத்து வேலைன்னு ஒரு எண்ணம் ஊறிப்போய்க் கெடக்கு. அது சும்மா வந்த எண்ணமும் இல்ல, வருஷக்கணக்கா காண்ட்ராக்ட்டுலயே வச்சிருந்து கடைசியில கையை விரிச்ச இடங்களை நம்ம அப்பா தலைமுறை நெறைய பார்த்திருக்கு. ஆனா முதல்ல ஏஜென்சி ரோல்ல, அதாவது ஆள் அனுப்புற ஏஜென்சியோட சம்பளப் பட்டியல்ல, காண்ட்ராக்ட்டா சேர்த்து, வேலையைப் பார்த்து, குறிச்ச தேதியில கம்பெனியோட சொந்தப் பட்டியலுக்கு, கம்பெனி ரோலுக்கு, எடுக்கிற முறை வேற. அதுல சேர்ந்துதான் நான் இன்னிக்கு இந்த வேலையில இருக்கேன், இப்ப அதே மில்லுல புதுசா வர்ற பிள்ளைங்களை எடுக்கிறப்ப என்னையும் கூப்பிட்டு உக்கார வைக்கிறாங்க. ரெண்டு பக்கமும் பார்த்ததுனால எழுதுறேன். இந்த வருஷம் டிகிரி, டிப்ளமோ முடிச்சுட்டு வீட்டுல இருக்கிற பிள்ளைங்க படிக்கணும், இங்க சின்னதா பெருசா தொழில் நடத்துறவங்களும் படிக்கணும்.

எனக்கு பாபநாசம் பக்கத்துல கிராமம். அப்பா குத்தகைக்கு பயிர் வைக்கிறவர். கும்பகோணத்துல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சேன். என் கூட படிச்சவங்கள்ல பாதிப் பேர் திருப்பூர், ஓசூர், சென்னைன்னு கெளம்பிட்டாங்க, ஹாஸ்டல் வாடகை சாப்பாடு போக மாசம் கையில நிக்கிறது என்னன்னு அவங்களைக் கேட்டாத்தான் தெரியும். எனக்கு ஊரை விட்டுப் போக முடியாத நிலைமை, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. டெல்டாவுல வேலைன்னு பார்த்தா ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, ஃபைனான்ஸ் கம்பெனி, பள்ளிக்கூடம், அப்புறம் நெல்லு. 2020ல காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாங்க இல்லையா, அதுக்கப்புறம் இரும்பு உருக்காலை, தாமிர உருக்காலை, தோல் பதனிடுறது மாதிரி புதுத் தொழிலெல்லாம் இங்க வர முடியாது. அது நல்லதுதான், நிலம் இருக்கணும். ஆனா அப்ப நம்ம பிள்ளைங்களுக்கு இங்க வளரப் போற வேலைன்னா அது நெல்லையும் அரிசியையும் சுத்தித்தான் வரும், மாடர்ன் ரைஸ் மில், மாவு, அவல், பேக்கிங், குடோன், லேப், லாஜிஸ்டிக்ஸ். இந்த மாதிரி இடங்கள்ல நெறைய இப்ப ஆளெடுக்கிறது ஏஜென்சி மூலமாத்தான், அதனாலதான் இதைப் புரிஞ்சுக்கிறது முக்கியம்னு நினைக்கிறேன்.

எனக்கு வந்ததும் அப்படித்தான். தஞ்சாவூர்ல ஒரு ஏஜென்சியில இருந்து போன் பண்ணி, ஒரு புழுங்கல் அரிசி மில்லுக்கு லேப் அசிஸ்டென்ட் வேணும், ஆறு மாசம் எங்க ரோல், வேலை பிடிச்சிருந்தா மில்லு எடுத்துக்கும்னாங்க. அப்பாவுக்கு விருப்பம் இல்ல. "அவன் ஆறு மாசம் வேலை வாங்கிட்டு வேற ஆளைப் போட்டுட்டா என்ன பண்ணுவ"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். எங்க பெரியப்பா சர்க்கரை ஆலையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், சீசன் ஆளு, பெர்மனன்ட் ஆளு ரெண்டு பேரும் வேலை பார்த்த இடத்துல இருந்தவர், அவர்கிட்ட லெட்டரைக் கொண்டு போய்க் காமிச்சேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு பக்கத்தையும் படிச்சுட்டு, "இதுல ஆறு மாசம்னு இருக்கு பாப்பா, ஆறு மாசம் கழிச்சு என்னான்னு இல்லையே"ன்னார்.

அந்த ஒரு வரிதான் எல்லாமே. ஏஜென்சி லெட்டர்ல சம்பளம், டூட்டி நேரம், எத்தனை நாள் நோட்டீஸ், எல்லாம் இருந்துச்சு, ஆறு மாசம் முடிஞ்சதும் யாரு முடிவு பண்ணுவாங்க, எதை வச்சு முடிவு பண்ணுவாங்க, ரோலுக்கு எடுத்தா சம்பளம் என்ன, எடுக்கலன்னா எத்தனை நாளைக்கு முன்னாடி சொல்லுவாங்க, ஒண்ணும் இல்ல. பெரியப்பா சொன்னபடி நான் சண்டை எல்லாம் போடல, இந்த நாலு விஷயத்தையும் மரியாதையா ஒரு மெயில்ல கேட்டேன், ஏஜென்சிக்கும் மில்லு ஹெச்.ஆர்.க்கும் சேர்த்து. ஏஜென்சிக்காரங்க போன்ல "அதெல்லாம் வழக்கம் இல்லம்மா"ன்னாங்க. மில்லு ஹெச்.ஆர். சார் மறுநாளே பதில் போட்டுட்டார், லேப் இன்சார்ஜும் புரொடக்‌ஷன் மேனேஜரும் சேர்ந்து முடிவு பண்ணுவாங்க, அஞ்சாவது மாசம் முடியறதுக்குள்ள சொல்லிடுவோம், எடுத்தா இன்ன கிரேடுன்னு. அந்த மெயிலை வச்சுத்தான் அப்பா சம்மதிச்சார். உங்களுக்கு நான் சொல்றதும் அதேதான், வாயால சொன்னது நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாங்க, ஆனா சொன்னவர் ரெண்டு மாசத்துல வேற கம்பெனிக்குப் போயிடுவார். மெயில்ல இருந்தா அது அங்கேயே இருக்கும்.

நான் சேர்ந்தது கார்த்திகையில. இது தற்செயலா அமைஞ்சது, ஆனா இப்ப யோசிச்சா நெல்லுத் தொழில்ல காண்ட்ராக்ட் காலம் வைக்கிறதா இருந்தா இப்படித்தான் வைக்கணும். தை, மாசியில சம்பா அறுப்பு வந்துடும். லாரி லைன் கட்டி நிக்கும், மழை பெஞ்ச வருஷம்னா நெல்லு ஈரமா வரும், ராத்திரி பகல்னு டிரையர் ஓடும், லேப்ல சாம்பிள் குவிஞ்சு கெடக்கும், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க நேரம் இருக்காது. அதுவே சித்திரை வைகாசியில மில்லு பாதி நேரம் சர்வீஸ்ல இருக்கும், பெல்ட் மாத்துறது, பாய்லர் இன்ஸ்பெக்‌ஷன், வெள்ளை அடிக்கிறதுன்னு. மேட்டூர் வழக்கமா ஜூன் 12 திறந்து குறுவை அறுப்பு புரட்டாசி ஐப்பசியில வர்ற வரைக்கும் வேகம் கம்மிதான். ஆக ஒரு ஆளை ஆனியில மூணு மாசத்துக்கு எடுத்துப் பார்த்தா மில்லுக்காரருக்கும் அவன் எப்படின்னு தெரியாது, அவனுக்கும் மில்லு எப்படின்னு தெரியாது. நெருக்கடி மாசம் ஒண்ணாவது, சும்மா இருக்கிற மாசம் ஒண்ணாவது அதுல விழணும். நெருக்கடியில ஆளோட தரம் தெரியும். வேலை இல்லாத மாசத்துல கம்பெனியோட தரம் தெரியும், சம்பளம் ஒண்ணாம் தேதி வருதா, "இந்த மாசம் லோடு இல்ல, பதினஞ்சு நாள் வீட்டுல இருங்க"ன்னு சொல்றாங்களான்னு. எங்க மில்லுல அந்த மாசங்கள்லயும் சம்பளம் தேதி தப்பாம வந்துச்சு, அதைப் பார்த்தப்புறம்தான் எனக்கே இங்க இருக்கலாம்னு மனசு முழுசா வந்துச்சு.

வேலை செய்றவங்களுக்கு இதுல இருக்கிற பெரிய நன்மை இதுதான். யாரும் சொல்றதில்ல. கம்பெனி நம்மளைப் பார்க்குதுன்னு மட்டும் நினைச்சுக்கிட்டு பயந்துபோய் இருக்கிறோம், நாமளும் கம்பெனியைப் பார்க்கிறோம். உமி தூசி நம்ம உடம்புக்கு ஒத்துக்குதா, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர பஸ் இருக்கா, மேனேஜர் எப்படிப் பேசுறார், பெண்களுக்கு டாய்லெட் சுத்தமா இருக்கா, எல்லாத்தையும் பார்க்க ஆறு மாசம் கெடைக்குது. பிடிக்கலன்னா பதினஞ்சு நாள் நோட்டீஸ்ல கெளம்பலாம், கம்பெனி ரோல்ல பல இடத்துல ரெண்டு மாசம் கேக்குறாங்க. என் கூட சேர்ந்த ஒரு பொண்ணு மூணாவது மாசம் ஆஸ்துமா வந்து வெளிய போயிட்டா, நல்லபடியா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்கிக்கிட்டு ஒரு பால் கம்பெனி லேப்ல சேர்ந்துட்டா. அவளுக்கும் அந்த மூணு மாசம் வீண் இல்ல.

இன்னொண்ணு, சிபாரிசு. நம்ம ஊர்ல வேலைக்கு "யாரு மூலமா வந்திருக்கே"ன்னுதான் முதல் கேள்வி. எங்க அப்பாவுக்கு மில்லு முதலாளியையும் தெரியாது, எம்.எல்.ஏ.வையும் தெரியாது. இன்டர்வியூவுல நான் நல்லாவும் பேசல, எனக்கு இங்கிலீஷ்ல தடுமாறும். ஆனா வேலையைக் கையில குடுத்துப் பார்த்தாங்க, அதுல நான் நின்னேன். அரை மணி நேர இன்டர்வியூவுல அடிபட்டுப் போற எத்தனையோ கிராமத்துப் பிள்ளைங்களுக்கு இந்த ஆறு மாசம்தான் கதவு.

சரி, பணம் விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் நம்ம பிள்ளைங்க ரொம்ப ஏமாறுறாங்க.

ஏஜென்சி ரோல்ல இருந்தாலும் பி.எஃப்.ங்கிற சேமநல நிதி, இ.எஸ்.ஐ.ங்கிற மருத்துவக் காப்பீடு ரெண்டும் உண்டு, "கம்பெனி ரோல் வந்தப்புறம் பார்த்துக்கலாம்"னு யாராவது சொன்னா அந்த இடத்துல சேராதீங்க. கணக்கு இப்படி. பேசிக், டி.ஏ. சேர்த்து 14,000 ரூபான்னு வச்சுக்கங்க. உங்ககிட்ட 12 சதவீதம் பிடிப்பாங்க, 1,680. அதே 1,680 அவங்க போடணும், அதுல 1,166 பென்ஷன் கணக்குக்குப் போகும், மீதி 514 உங்க பி.எஃப்.ல விழும். இ.எஸ்.ஐ. மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு, உங்ககிட்ட 0.75 சதவீதம், அவங்க பக்கம் 3.25. மொத்த சம்பளம் 16,000ன்னா நீங்க 120, அவங்க 520. நூத்தி இருபது ரூபாய்க்கு வீட்டுல எல்லாருக்கும் வைத்தியம். உங்களை நம்பி இருக்கிற அம்மா அப்பாவுக்கும் அதுல இடம் உண்டு, வருமானம் கம்மியா இருக்கணும்னு ஒரு வரம்பு இருக்கு அவ்வளவுதான். எங்க அம்மாவுக்கு அந்தக் கார்டுலதான் மாத்திரை வாங்கிக்கிட்டிருந்தேன். வேலை மாறும்போது இன்சூரன்ஸ் நம்பர் பழசே இருக்கணும், புது நம்பர் போட்டா பழைய நாளெல்லாம் கணக்குல வராது. உடம்பு முடியாம லீவு எடுத்தா கெடைக்கிற பாதி சம்பளத்துக்கும் மேலான தொகைக்கு, அதாவது 70 சதவீதத்துக்கு, ஒரு அரை வருஷத்துல 78 நாள் கட்டியிருக்கணும்னு கணக்கு இருக்கு, நம்பர் உடைஞ்சா அதுவும் உடையும்.

பி.எஃப்.க்கு உங்களுக்குக் குடுக்கிற யு.ஏ.என். நம்பரும் அப்படித்தான், ஆயுசுக்கும் ஒண்ணுதான். கவர்மென்ட்டோட உமங் ஆப்ல பி.எஃப். பாஸ்புக் பாருங்க, மாசா மாசம் பாருங்க. பேஸ்லிப்புல பிடிச்சிருக்குன்னு இருக்கிறது வேற, கணக்குல கட்டியிருக்கிறது வேற. பேக்கிங் செக்‌ஷன்ல இருந்த ஒரு தம்பிக்கு இப்படித்தான் ஆச்சு, வேற ஒரு ஏஜென்சி மூலமா வந்தவன், பேஸ்லிப்புல ஒவ்வொரு மாசமும் பி.எஃப். பிடிச்சிருக்கு, பாஸ்புக்ல மூணு மாசமா ஒண்ணுமே ஏறல. அவன் ஏஜென்சிக்குப் போன் பண்ணிப் பண்ணி ஓய்ஞ்சுட்டான், "சர்வர் பிரச்சனை"ன்னு ஒரே பதில். அப்புறம் நாங்க ரெண்டு மூணு பேர் சேர்ந்து மில்லு ஹெச்.ஆர்.கிட்ட பேஸ்லிப்பையும் பாஸ்புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காமிச்சோம். அவர் உடனே ஏஜென்சியோட அந்த மாச பில்லை நிறுத்திட்டார், பி.எஃப். கட்டுன சலான் வந்தாத்தான் பில்லுன்னு. அடுத்த வாரமே மூணு மாசமும் ஏறிடுச்சு. ஏஜென்சி கட்டலன்னா கடைசியில பொறுப்பு வேலை வாங்குற கம்பெனிக்குத்தான், சம்பளமும் அப்படித்தான், 1970 காண்ட்ராக்ட் லேபர் சட்டத்துலயே அது இருந்துச்சு, இப்ப வந்திருக்கிற புது லேபர் கோடுலயும் இருக்கு. அதனால "நான் ஏஜென்சி ஆளு, மில்லுல போய் எப்படிக் கேக்கிறது"ன்னு கூச்சப்படாதீங்க. நல்ல கம்பெனின்னா அவங்களே கேக்கணும்னுதான் விரும்புவாங்க, நாளைக்கு பி.எஃப். ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வந்தா நிக்கப் போறது அவங்கதானே.

இப்ப மில்லு பக்கம். அஞ்சாவது மாசம் சொன்ன மாதிரியே சொன்னாங்க, ரோலுக்கு எடுத்தாங்க, ரெண்டு வருஷத்துல லேப் இன்சார்ஜ் வேற ஊருக்குப் போக, பொறுப்பு என்கிட்ட வந்துச்சு. புது ஆள் எடுக்கிறப்ப நான் என்னத்தைப் பார்க்கிறேன்னு சொன்னா, முதலாளிங்க ஏன் இந்த முறையை விரும்புறாங்கன்னு புரியும்.

லாரி வந்து நின்னதும் ஒவ்வொரு மூட்டையா குத்தூசி விட்டு சாம்பிள் எடுக்கணும். மேல் மூட்டை காஞ்சிருக்கும், உள்ள இருக்கிற மூட்டை ஈரமா இருக்கும், அதனால எட்டுற மூட்டையில மட்டும் குத்திட்டு வந்துடக் கூடாது, ஏறணும். எடுத்ததைக் கலந்து மீட்டர்ல போட்டா நம்பர் வரும். பழகின கைக்கு மீட்டருக்கு முன்னாடியே பல்லுல ஒரு நெல்லைக் கடிச்சா தெரிஞ்சுடும், டக்குனு உடையுதா, அமுங்குதான்னு. கவர்மென்ட் கொள்முதல்ல 17 சதவீதம்தான் ஈரப்பத வரம்பு, மழை வருஷத்துல தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுதுறதெல்லாம் அதுக்குத்தான். நாங்க அரைக்கிறதுக்கு 14க்குக் கொண்டு வரணும், ஒவ்வொரு சதவீதம் கூடுனாலும் டிரையர்ல நேரம், உமி, கரண்ட், எடை எல்லாம் போச்சு. அப்ப ராத்திரி பத்து மணிக்கு ஒரு வியாபாரியோட ஆளு வந்து நிப்பான், "தங்கச்சி, பத்தொம்பதைப் பதினேழுன்னு போடும்மா, நம்ம லாரிதான்"ன்னு. திட்ட மாட்டான், அன்பாத்தான் கேப்பான், பக்கத்து ஊர்க்காரனா இருப்பான், தெரிஞ்ச முகமா இருப்பான். அந்த நேரத்துல அந்தப் பொண்ணு என்ன எழுதுறாங்கிறதை எந்த சர்டிபிகேட்டுல பார்க்க முடியும்? போன சம்பாவுல திருவையாறு பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகல, மீட்டரைத் திருப்பி அந்த ஆளுக்கே காமிச்சு, "அண்ணே நீங்களே படிங்க, நீங்க படிச்சதை நான் எழுதுறேன்"னா. அவன் பத்தொம்பதுன்னு படிச்சான், இவ பத்தொம்பதுன்னு எழுதினா. அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன் இந்தப் பொண்ணு நமக்கு வேணும்னு. மார்க் ஷீட்டுல அவளைவிட மேல இருந்த ரெண்டு பேர் அந்த வருஷம் ரோலுக்கு வரல.

அரிசி பக்கமும் இப்படித்தான். நுகர்பொருள் வாணிபக் கழகத்து நெல்லை அரைச்சுக் குடுக்கிற மில்லுன்னா புழுங்கலுக்கு நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி திருப்பிக் குடுக்கணும், நொய் 16 சதவீதத்துக்கு மேல போனா லோடையே திருப்பி அனுப்பிடுவாங்க. ஊற வைக்கிறதுல, ஆவி விடுறதுல, காய வைக்கிறதுல எங்க தப்பு நடந்தாலும் அது நொய்யில வந்து நிக்கும். லேப்ல உக்காந்து எண்ணுற ஆளு கவனமா இல்லன்னா முதலாளிக்கு ஒரு நாள் நஷ்டம் ஒருத்தரோட பல மாச சம்பளம். அதனாலதான் ஏஜென்சிக்கு சர்வீஸ் சார்ஜ், அதோட பில்லு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ரோலுக்கு எடுக்கிறப்ப சில ஏஜென்சி கேக்குற கன்வர்ஷன் தொகை, இவ்வளவும் குடுத்தும் இந்த முறை முதலாளிக்குக் கட்டுப்படியாகுது. தப்பான ஆளை நேரடியா பெர்மனன்ட் எடுத்து அப்புறம் அனுப்ப முடியாம, வச்சுக்கவும் முடியாம அவஸ்தைப்படுறது இதைவிடச் செலவு, அந்த ஆளுக்கும் அது கெட்ட பேரு. சின்ன மில்லுங்களுக்கு இன்னொரு வசதி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பேப்பர் வேலையை ஏஜென்சி பார்த்துக்கும். அப்புறம் இப்படி ரோலுக்கு வந்தவங்க சீக்கிரம் போறதில்ல. வீடு பக்கத்துல இருக்கு, வேலை என்னன்னு தெரிஞ்சே வந்தவங்க.

முதலாளிங்களுக்கு எனக்குத் தெரிஞ்சு சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு. நான் எங்க மில்லுலயே சொல்லி மாத்துனதுதான்.

ஆறு மாசம்னு சொல்லிட்டு, இன்னும் ஆறு மாசம், இன்னும் ஆறு மாசம்னு தள்ளாதீங்க. பதினோரு மாசத்துல ஒரு வாரம் பிரேக் குடுத்துட்டு புது லெட்டர் போடுறது, ஏஜென்சி பேரை மட்டும் மாத்துறது, இதெல்லாம் நெறைய இடத்துல நடக்குது, அது அநியாயம். ஒரு பொண்ணோட கல்யாணம், ஒரு பையனோட பைக் லோன், தங்கச்சி ஃபீஸ், எல்லாம் அந்த லெட்டர்ல தொங்கிக்கிட்டு இருக்கு. தமிழ்நாட்டுல 1981லயே சட்டம் இருக்கு, 24 மாசத்துக்குள்ள 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரம் ஆக்கணும்னு. ஐம்பது பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துக்குத்தான் அது, சீசனுக்கு மட்டும் ஓடுற இடத்துக்கு விலக்கும் உண்டு, ஏஜென்சி ஆளுன்னா யாரோட தொழிலாளின்னு வழக்காடணும், ஆனா சட்டம் எந்தப் பக்கம் நிக்குதுன்னு அதுலயே தெரியுது. சட்டத்தை விடுங்க, தள்ளிப் போடுற இடத்துல நல்ல ஆளு முதல்ல போயிடுவான், வேற வழி இல்லாதவன்தான் மிஞ்சுவான். சோதிச்சுப் பார்த்து நல்ல ஆளை எடுக்கணும்னுதானே இந்த ஏற்பாடே, அதோட நோக்கமே தலைகீழா போயிடுது.

ரெண்டாவது, நடுவுல ஒரு தடவை உக்கார வச்சுப் பேசுங்க. சேர்ற அன்னிக்கே ஒரு பேப்பர் குடுக்கிறோம் நாங்க, முதல் மாசம் சாம்பிள் எடுக்கத் தெரியணும், ரெண்டாவது மாசம் நொய் பிரிச்சுக் கணக்குப் போடத் தெரியணும், நாலாவது மாசம் தனியா ஷிஃப்ட் பார்க்கணும்னு. மூணாவது மாசம் அதை வச்சு எங்க சரி, எங்க பத்தலன்னு சொல்லிடுவோம். கடைசி நாள்ல போய் "நீங்க சரிப்பட்டு வரல"ன்னு சொல்றது பாவம். முன்னாடியே சொன்னா பாதிப் பேர் திருத்திக்குவாங்க, மீதிப் பேர் வேற வேலை தேடிக்குவாங்க.

அப்புறம் அந்தக் கார்டு விஷயம். எங்க மில்லுல முன்னாடி கம்பெனி ஆளுக்கு நீலக் கயிறு, ஏஜென்சி ஆளுக்கு மஞ்சக் கயிறு, கேன்டீன்ல மஞ்சக் கயிறு கடைசியிலதான் நிக்கணும், வடை தீர்ந்துபோயிருக்கும். ஒரே மூட்டையில சாம்பிள் எடுக்கிற ரெண்டு பேருக்கு ரெண்டு வரிசை. நான் இன்சார்ஜ் ஆனதும் மேனேஜர்கிட்ட முதல்ல கேட்டது இதைத்தான், ஒரே வரிசையா ஆக்குங்கன்னு. ஆக்கிட்டாங்க. செலவு ஒண்ணும் இல்ல, ஆனா அதுக்கப்புறம் காண்ட்ராக்ட் பிள்ளைங்க பேசுற விதமே மாறிடுச்சு, டிரையர்ல சூடு கூடுதலா போகுதுன்னு ஒரு புதுப் பையன் தைரியமா வந்து சொல்றான், முன்னாடின்னா "நமக்கு எதுக்கு வம்பு"ன்னு இருந்திருப்பான்.

பெண்களை எடுக்கிறப்ப கல்யாணம் எப்ப, குழந்தை எப்பன்னு கேக்கிறதை நிறுத்துங்க. காண்ட்ராக்ட்டுல இருந்தாலும் மகப்பேறு சட்டம் அவங்களுக்கும் உண்டு, முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம், இ.எஸ்.ஐ.ல இருந்தா பணம் இ.எஸ்.ஐ.தான் குடுக்கும், முதலாளி கையை விட்டுப் போறது இல்ல. இது தெரியாமலேயே பல பேர் பெண் பிள்ளைங்களை ரோலுக்கு எடுக்கத் தயங்குறாங்க.

2025 நவம்பர் 21ல இருந்து, பழைய மத்திய தொழிலாளர் சட்டங்கள் பலதுக்குப் பதிலா, நாலு லேபர் கோடும் அமலுக்கு வந்திருக்கு, அதுல நம்மளைத் தொடுறது ரெண்டு மூணு. எல்லாருக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் குடுத்தே ஆகணும். வேலையை விட்டாலோ எடுத்தாலோ ரெண்டு வேலை நாளுக்குள்ள கணக்கு முடிக்கணும். கம்பெனியே நேரடியா தேதி குறிச்சு எடுக்கிற ஃபிக்ஸட் டெர்ம் ஆளுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு, முன்னாடி அஞ்சு வருஷம் ஆகணும். இதுல கவனிக்க வேண்டியது, ஏஜென்சி ரோல்ல இருக்கிறது ஃபிக்ஸட் டெர்ம் இல்ல, அங்க உங்க முதலாளி ஏஜென்சி. அதனால இனிமே ஒரு கம்பெனி உங்களுக்கு ரெண்டு வழியும் வச்சா, நேரடியா ஒரு வருஷ ஃபிக்ஸட் டெர்ம் கெடைக்குமான்னு கேட்டுப் பாருங்க. எங்க மில்லுலயும் அடுத்த குறுவைக்கு அப்படி எடுக்கலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம், நான் அதுக்குத்தான் ஓட்டு போட்டிருக்கேன்.

ரோலுக்கு எடுக்கிறாங்கன்னு லெட்டர் கைக்கு வந்ததும் சந்தோஷத்துல கையெழுத்துப் போட்டுடாதீங்க, ஒரு நாள் டைம் கேளுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சம்பளம்னு போட்டிருக்கிறது மொத்தமா, கைக்கு வர்றதா, இல்ல கம்பெனி போடுற பி.எஃப்., இன்சென்டிவ் எல்லாம் சேர்த்துக் கூட்டிக் காமிச்ச சி.டி.சி.யான்னு பாருங்க. ஒரு தம்பிக்கு சி.டி.சி. கூடி கைக்கு வர்றது குறைஞ்சுபோச்சு, ஏன்னு பார்த்தா ஏஜென்சி ரோல்ல குடுத்த நைட் அலவன்ஸ் புது லெட்டர்ல இல்ல, கேட்டதும் சேர்த்துக் குடுத்தாங்க. மறுபடியும் புரோபேஷன்னு ஆறு மாசம் போட்டிருந்தா, ஏற்கனவே பார்த்த ஆறு மாசத்தைக் கழிச்சுக்கச் சொல்லிக் கேளுங்க, எனக்கு மூணு மாசமா குறைச்சாங்க. சீனியாரிட்டிக்கும் லீவுக்கும் எந்தத் தேதியில இருந்து கணக்குன்னு எழுதி வாங்குங்க.

கடைசியா பி.எஃப். மாத்துற வேலை. பழைய ஏஜென்சி உங்க யு.ஏ.என்.ல வேலையை விட்ட தேதியைப் போட்டுட்டாங்களான்னு பாருங்க, போடலன்னா போர்ட்டல்ல நீங்களே போடலாம், கடைசியா பணம் கட்டுன மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு. அப்புறம் பழைய கணக்குல இருக்கிறதைப் புதுக் கணக்குக்கு மாத்திட்டீங்களான்னு பாருங்க. ஆறு மாசப் பணம்தானே, எடுத்து ஒரு போன் வாங்கிடலாம்னு நெறையப் பேர் எடுத்துடுறாங்க. பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தா அந்த ஆறு மாச சர்வீஸும் போயிடும், பென்ஷனுக்கு மொத்தம் 10 வருஷம் வேணும், மாத்தி வச்சிருந்தா ஏஜென்சியில இருந்த மாசமும் அந்தப் பத்து வருஷத்துல வரும்.